இசட் டிரைவ்

இருபதாம் தேதி. ஜிஎஸ்டிக்குக் கடைசி நாள்.
பச்சை அட்டை ஒன்று திரையில் எழுகிறது,
தொடங்குகிறேன் என்கிறது,
வெள்ளையாய் விரிகிறது,
அவ்வளவுதான்.
வட்டம் சுற்றுகிறது. நேர்த்திக்கடன்காரர்கூட
இத்தனை சுற்று சுற்றியிருக்க மாட்டார்.
மேல்பட்டையில், அடைப்புக்குள்,
பதிலளிக்கவில்லை.

செம்புதாஸ் தெரு, பைப் ஃபிட்டிங் மொத்த வியாபாரம்.
மாடியில் நானும் ஒரு மானிட்டரும்.
கீழே மீன்பாடி வண்டிக்காரர்
யாருடைய அப்பாவையோ விசாரித்துக்கொண்டிருக்கிறார்.
அணைத்துப் போட்டேன்.
யுபிஎஸ்ஸையும் அணைத்துப் போட்டேன்.
பிளக்கைப் பிடுங்கி ஊதிச் சொருகினேன்
(ஊதினால் சரியாகும் என்று யார் சொன்னதோ,
எல்லோரும் ஊதுகிறோம்).

ரிச்சி தெரு இம்தியாஸ் போனில்:
"மொத்தமா தூக்கிட்டுப் புதுசா போட்ரலாம் மேடம்,
எண்ணூறு ஆவும், நாளைக்கு வர்றேன்."
நாளைக்கு இருபத்தொன்று.
"அப்போ கண்ட்ரோலை அழுத்திக்கிட்டே கிளிக் பண்ணுங்க.
வெரலை எடுத்துடாதீங்க. ஒரு கேள்வி கேக்கும்.
ஆமான்னு சொல்லுங்க."

கேட்டது. ஆமாம் என்றேன்.
திறந்தது,
தோடு மூக்குத்தி எல்லாம் கழற்றிக் கொடுத்துவிட்டு
ஸ்கேனுக்குப் படுத்தவளைப் போல.
பாதுகாப்பு முறை என்று பெயராம்.

நோய் இதற்கில்லை, அப்படியானால்.
இதோடு சேர்ந்து எழுந்திருக்கிற எதற்கோ.
ஒவ்வொரு துணைநிரலாய் டிக்கை எடுத்தேன்,
மூடினேன், திறந்தேன்.
டாலியோடு பேசுகிறது, அது இல்லை.
ரூபாயை எழுத்தால் எழுதுகிறது, நான் வைத்தது,
பாவம், அதன்மேல்கூடச் சந்தேகப்பட்டேன்.
மணி ஒன்றே முக்கால்.
டப்பாவில் தயிர்சாதம் புளித்துக்கொண்டிருந்தது.

ஃபோல்டருக்குள் ஃபோல்டராய் இறங்கி
ஏழாவதில்,
ஸ்டார்ட் என்று பெயர் முடிகிற ஒன்றில்,
ஒரே ஒரு ஃபைல்: 'ரெண்டு கடை மொத்தம்'.
போட்டவர் பெரியவர் ஞானசிகாமணி.
எக்செல் கண் விழிக்கிற ஒவ்வொரு காலையும்
சத்தமில்லாமல் இது முன்னால் விழிக்கும்.
இசட் டிரைவைக் கேட்கும்.
அண்ணன் கம்ப்யூட்டரிலிருந்து நேற்றைய கல்லாவை எடுத்துவந்து
தம்பி கல்லாவோடு கூட்டும்.

போன ஞாயிறு தச்சர் வந்து
கடைக்கு நடுவே பிளைவுட் அடித்தார்.
போர்டு இரண்டாயிற்று, மீட்டர் இரண்டாயிற்று.
நேற்றுச் சாயங்காலம் நெட்வொர்க் ஒயரையும்
யாரோ கட்டிங் பிளேயரால் நறுக்கிவிட்டார்கள்.
பாகப் பத்திரத்தில் தராசும் இருந்தது,
ஓடாத ஃபேனும் இருந்தது.
இந்த ஃபைல் இல்லை.
இதனிடம் யாரும் சொல்லவில்லை.
சுவருக்கு அந்தப் பக்கம் கையை நீட்டிக்கொண்டு
காலையிலிருந்து நிற்கிறது.

"சார், இதை எடுத்துடட்டுமா?"
சின்னவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
பெயரைப் படித்தார்.
மேசையில் கிடந்த முக்கால் இஞ்ச் எல்போவை
உள்ளங்கையில் உருட்டினார்.
"எடுத்துடு."
இரண்டு படி இறங்கியவர் நின்று,
"அழிச்சிடாத. வேற எங்கியாச்சும் போட்டு வை."

'வேற' என்றே ஒரு ஃபோல்டர் போட்டு அதில் வைத்தேன்.
மூன்று நொடி.
கட்டங்கள் வந்தன. ஏ ஒன்றில் கர்சர்.

ரிட்டர்ன் பாதியில் பிளைவுட்டை யாரோ தட்டினார்கள்.
பெரியவர் பக்கம் புதிதாய்ச் சேர்ந்த பையன்,
முகம்கூட இன்னும் பார்க்கவில்லை.
"அக்கா, உங்க சைடு எக்செல் ஓப்பன் ஆவுதா?
இங்க வெள்ளையாவே நிக்குது."

பலகையைப் பார்த்துச் சொன்னேன்:
"கண்ட்ரோலை அழுத்திக்கிட்டே கிளிக் பண்ணு.
வெரலை எடுத்துடாத."